கறுப்புக் கட்டத்துக்குள் யுஸ்தாஸ்

இறைச்சிக் கூடங்களின் நாற்றம் ஒரு வாரத்தில் பழகிவிடும், ஐயா. சிகாகோவில் எனக்குக் கடைசிவரை பழகாதது எங்கள் லித்துவேனிய ஆட்கள்தான். வாரம் முழுக்கப் பன்றி அறுப்பார்கள். சனிக்கிழமை எங்கள் ‘உலைக்களம்’ பத்திரிகையைப் படித்துவிட்டு முதலாளியைத் திட்டுவார்கள். ஞாயிறு விடிந்தால் கோயிலில் போய் முட்டிபோடுவார்கள். இவர்களுக்குத்தான் இத்தனை வருஷமாக நான் சோஷலிசம் எழுதினேன்.

எங்களில் சாமி இல்லை என்பவர்கள் செத்தால் பாதிரி கிடையாது, சிலுவை கிடையாது. செங்கொடி, பித்தளை வாத்தியம், பிறகு ஆசிரியர் உரை. ஆசிரியர் நான். ஆனால் சொல்லிக்கொள்ளும்படி ஒருவனும் செத்துத் தொலைக்கவில்லை. குடித்துச் செத்தவனை வைத்து எவ்வளவு நேரம் புரட்சி பேசுவது?

அப்போதுதான் வேலைநிறுத்தத்தில், சாமி இல்லை என்று சொல்லித் திரிந்த எங்கள் தோழன் யுஸ்தாஸ் கிர்வெலாவின் மண்டையில் போலீஸ் தடி இறங்கியது. அச்சகத்து மாடியில், பார்போரா வாடகைக்கு விடும் அறையில், நினைவில்லாமல் கிடந்தான். வெள்ளிக்கிழமை தாண்டாது என்றார் டாக்டர். எங்கள் பத்திரிகை வியாழன் அச்சேறும். காத்திருக்க முடியுமா? முதல் பக்கத்தில் கறுப்புக் கட்டம் கட்டி, படம் போட்டு, அவன் சாவை எழுதினேன். கடைசி வார்த்தைகளையும் நானே எழுதினேன். அவனுக்கு அவ்வளவு நன்றாகப் பேச வராது.

சனிக்கிழமை மதியம் பார்போரா கையில் கரண்டியோடு இறங்கி வந்தாள்.

“எடிட்டரய்யா, உங்க பேப்பர்ல செத்தவருக்கு மாடியில பசிக்குதாம்.”

“உளறாதே.”

“நானா உளறுறேன்? பீட்ரூட் சூப்பு ரெண்டு கிண்ணம் உள்ள போயிருச்சு. பாதிரியாரக் கூப்பிடு அக்காங்கிறான். நாளைக்கு ஊர்வலத்துல அவனையே கொடி பிடிக்கச் சொல்லுங்க, ஒரு ஆள் மிச்சம்.”

சிரித்தாள். நாளைப் பிரசங்கத்தில் பாதிரியும் இப்படித்தான் சிரிப்பார். உயிரோடிருப்பவனைப் புதைக்கும் அறிவாளிகள் என்பார். கோயிலே குலுங்கும். ஓர் இயக்கம் தடியடியைத் தாங்கும், சிரிப்பைத் தாங்காது.

பாதிரியை அழைத்துவர அவளை அனுப்பிவிட்டு மாடி ஏறினேன்.

யுஸ்தாஸ் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மீசையில் சூப்பு.

“பேப்பர் பாத்தேன் தோழரே. நானா இவ்ளோ அழகாப் பேசினேன்?” என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, “பயந்துட்டேன், அதான் பாதிரியாரக் கூப்பிட்டேன். கோவிச்சுக்காதீங்க” என்றான்.

கோபமெல்லாம் இல்லை. தலையணையை உருவி அவன் முகத்தில் வைத்து அழுத்தினேன். பலவீனமானவன், என்னை அதிகம் சிரமப்படுத்தவில்லை. பிறகு மீசையைத் துடைத்து, படத்தில் இருந்ததுபோலச் சீவியும் விட்டேன்.

மறுநாள் ஊர்வலம் தெருவை அடைத்தது. என் உரைக்குப் பெண்கள் அழுதார்கள். நானும் அழுதேன். பார்போரா மட்டும் அழவில்லை, நேராக உங்களிடம் வந்துவிட்டாள்.

கொலை என்று எழுதிக்கொள்கிறீர்கள். எழுதுங்கள், நீங்கள் எங்கள் பத்திரிகை படிப்பவர் இல்லை. யுஸ்தாஸ் வியாழக்கிழமையே வீரமரணம் அடைந்துவிட்டான். நான் மாடிக்குப் போனது, செத்த தோழருக்குக் கெட்ட பெயர் வராமல் பார்த்துக்கொள்ளத்தான்.