நாற்பத்தெட்டாவது ஆள்

எனக்குச் சர்க்கரை இல்லாத டீ போதும். அவசரம் ஒன்றும் இல்லை, நீங்களும் குடித்துவிட்டே எழுதலாம். போன தடவை இந்த ஸ்டேஷனில் இதே நாற்காலியில் உட்கார்ந்து நான் சொன்னதையெல்லாம் பொறுமையாக எழுதிக்கொண்டீர்கள். அதில் பெரும்பகுதி உண்மைதான். விட்டுப்போனதைச் சொல்லத்தான் இன்று நானாகவே வந்திருக்கிறேன்.

அந்த மெத்தைக் கம்பெனியில் பதினோரு வருடம் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தேன். கீழ்த்தளத்தில் ஒரு பக்கம் ஸ்பாஞ்சு வெட்டுவார்கள், இன்னொரு பக்கம் உறை தைப்பார்கள். மேல்மாடியில் ஸ்டோர். நான் சேர்ந்த புதிதில் ஒரு ஒத்திகை வைத்தேன். எல்லோரும் வெளியே வர ஒன்பது நிமிடம் ஆனது. ஒருவர் சாப்பாட்டு டப்பாவை எடுக்கத் திரும்பிப் போனார், இன்னொருவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். விடாமல் பழக்கி அதை மூன்று நிமிடத்துக்குள் கொண்டுவந்தேன். கழுத்தில் எப்போதும் விசில் தொங்குவதால் எனக்கு 'விசில் சார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை.

புகையில் மாட்டிக்கொண்டால் என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தேன். புறங்கையால் கதவைத் தொட்டுப் பார், சுட்டால் திறக்காதே. இடுக்கில் ஈரத்துணியை அடை. தரையோடு உட்கார். எனக்கு போன் செய், ஆள் வரும்வரை அங்கேயே இரு. மற்றவர்கள் சிரித்துக்கொண்டே செய்து காட்டுவார்கள். ஸ்டோரக்கா மட்டும் சிரிக்க மாட்டார். ஸ்டோரைப் பார்த்துக்கொண்டவர் அவர். என்னைவிட எட்டு வயது சின்னவர், ஆனாலும் எல்லோருக்கும் அக்கா என்பதால் எனக்கும் அக்காதான். அவருடைய மகள் கீழே தையல் பகுதியில் வேலை பார்த்தாள்.

இனி சிலிண்டர் விஷயம். சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு சிலிண்டர்கள் மொத்தம் இருபத்திரண்டு. மாதம் ஒருமுறை ஒவ்வொன்றையும் இறக்கி, எடை பார்த்து, உள்ளே அழுத்தம் இருப்பதைக் காட்டும் முள் பச்சையில் நிற்கிறதா என்று பார்த்து, அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு வருடம் ஒழுங்காகப் பார்த்தேன். பிறகு முதுகுவலி வந்தது. முதுகுவலி போன பிறகும் பழைய வழக்கம் திரும்பவில்லை. மேசையில் உட்கார்ந்தபடியே எல்லா அட்டைக்கும் கையெழுத்துப் போட்டு, ஒரு நடை போய் மாட்டிவிட்டு வந்துவிடுவேன். இதற்காக யாரிடமும் கை நீட்டியதில்லை. யாரும் என்னைக் கேட்டதும் இல்லை.

ஸ்டோரக்கா கேட்டார். "சார், கட்டிங்ல இருக்கிற ஆறுலயும் முள்ளு சிவப்புல நிக்குது. நீங்க பச்சைன்னு எழுதியிருக்கீங்க" என்றார். பார்க்கிறேன் என்றேன். அடுத்த வாரமும் நினைவுபடுத்தினார். மூன்றாவது தடவை அவர் வந்தது ஒரு திங்கட்கிழமை.

"வியாழக்கிழமை ஆய்வுக்கு வராங்களாமே சார். என்னைக் கேட்டா இருக்கிறதத்தான் சொல்லுவேன். என் பொண்ணும் கீழதான வேல செய்யுது."

குரலில் கோபம் இல்லை. சொல்லிவிட்டு, என் சட்டைக் கையில் பித்தான் தொங்குகிறது என்று காட்டி, அங்கேயே ஊசி நூல் எடுத்துத் தைத்தும் கொடுத்தார். எனக்கு ஓய்வு பெற இரண்டு வருடம் பாக்கி இருந்தது.

தீப்பிடித்தது புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு. ஸ்பாஞ்சு வெட்டும் சூட்டுக் கம்பியிலிருந்து பற்றியது. நான் வைத்ததில்லை, அதை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். வெட்டுகிறவர் ஓடிப்போய் ஒரு சிலிண்டரை எடுத்து அழுத்தினார். ஒரு தும்மல் அளவுக்குத் தூள் வந்தது. அடுத்ததில் அதுவும் வரவில்லை. நூல்கண்டு கொடுக்கக் கீழே வந்திருந்த ஸ்டோரக்கா, "மேல புதுசு ரெண்டு இருக்கு, எடுத்துட்டு வரேன்" என்று மாடிக்கு ஓடினார். விசில் ஊதிக்கொண்டே நான் அதைப் பார்த்தேன். மற்றவர்கள் அதற்குள் வெளிவாசல் பக்கம் திரும்பியிருந்தார்கள். அவர் இறங்குவதற்குள் படிக்கட்டு முழுக்கப் புகை.

மற்றவர்கள் ஒருவரையொருவர் தள்ளாமல், வரிசை குலையாமல் வெளியே வந்தார்கள். அன்றைய வருகைப் பட்டியலில் நாற்பத்தெட்டுப் பேர். முற்றத்தில் நிறுத்தி எண்ணினேன். நாற்பத்தேழு. மறுபடி எண்ணினேன். நாற்பத்தேழுதான்.

அவருடைய மகள் என்னிடம் வந்தாள். "சார், அம்மாவக் காணோமே?"

"கேட் பக்கம் போனாங்கம்மா. நான் பாத்தேன்."

நெஞ்சில் வைத்த கையை எடுக்காமல் அவள் வாசலை நோக்கிப் போனாள். பிறகு அவளை உள்ளே விடவில்லை, சாலையில் கூடியிருந்த கூட்டத்தில் அம்மாவைத் தேடிக்கொண்டிருந்தாள். அதற்குள் தீயணைப்பு வண்டி வந்துவிட்டது. அதிகாரி என் கையிலிருந்த பட்டியலைப் பார்த்து, மேலே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். நாற்பத்தெட்டுப் பேர், எல்லோரும் வந்தாகிவிட்டது என்றேன். ஸ்பாஞ்சுப் புகை விஷம். ஆள் இல்லாத மாடிக்கு அவர் தன் ஆட்களை ஏன் அனுப்ப வேண்டும்? வெளியிலிருந்தே தண்ணீர் அடித்தார்கள். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை.

பதட்டத்தில் எண்ணிக்கை பிசகிவிட்டது என்று அன்றைக்கு உங்களிடம் சொன்னேன். பிசகவில்லை. அவர் இறங்கி வந்தால் மறுநாள் சிவப்பு முள்ளைக் காட்டுவார், வராவிட்டால் காட்ட ஆள் இல்லை. நின்ற இடத்தில் எனக்குத் தோன்றியது இவ்வளவுதான். அவர்மேல் எனக்கு எந்தப் பகையும் கிடையாது.

மாலையில் அவரைக் கீழே கொண்டுவந்தபோது அந்த அதிகாரி என் தோளைத் தொட்டு, "ஒரு வார்த்த தெரிஞ்சிருந்தா பின்பக்க ஜன்னலுக்கு ஏணி போட்டிருப்போம் சார். நாலு நிமிஷ வேல" என்றார். கதவிடுக்கில் ஈரத்துணி சரியாக அடைத்திருந்ததாம். அவர் தரையோடு உட்கார்ந்திருந்தாராம். அதைக் கேட்ட மகள் எல்லோர் முன்னாலும் என் சட்டையைப் பிடித்துக் கத்தினாள். நான் தலைகுனிந்து நின்றேன்.

போன வாரம் அவள் என் வீடு தேடி வந்தாள். வாசலிலேயே நின்றாள். "அன்னிக்கு உங்களக் கண்டபடி பேசிட்டேன் சார். அந்த நேரத்துல யாருக்கும் கண்ணு தப்பும். விசில் சார் சொன்ன மாதிரி செஞ்சா ஒண்ணும் ஆகாதுன்னு அம்மா சொல்லிட்டே இருக்கும்" என்றாள். தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள். என் மனைவி அழுதாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

உங்கள் கோப்பில் ஒரு தொலைபேசி அழைப்பு இருக்கிறது. ஸ்டோரக்காவிடமிருந்து எனக்கு வந்தது, ஆறு நிமிடம் பத்து நொடி. சட்டைப்பையில் தானாக எடுத்துக்கொண்டுவிட்டது, எனக்கு எதுவும் கேட்கவில்லை என்று சொல்லியிருந்தேன். வெளியிலிருந்து தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தபோது வந்தது, நான்தான் எடுத்தேன். மதில் ஓரமாக ஒதுங்கிப் பேசினேன்.

"சார், ஸ்டோர்ல இருக்கேன். கதவு சுடுது, திறக்கல. துணி வச்சுட்டேன். ஜன்னல்ல நின்னு கத்தட்டுமா?"

"வேண்டாம்கா. புகை மேலதான் நிக்கும். கீழ உட்காருங்க. ஆள் ஏறிட்டாங்க, வந்துட்டே இருக்காங்க."

"பொண்ணு வெளிய வந்துடுச்சா சார்?"

"வந்துடுச்சு. பத்திரமா இருக்கு."

அது பொய்யில்லை. சரி சார் என்றார். பிறகு இருமல். நடுநடுவே, இதோ வந்துவிட்டார்கள் அக்கா என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். இருமல் நின்ற பிறகும் நான் போனை வைக்கவில்லை. அது தானாகத்தான் நின்றது.

எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றே ஒன்று. அவர் தனியாகக் கிடந்து செத்தார் என்று மட்டும் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடாதீர்கள். கடைசிவரை நான் அவர்கூடவே இருந்தேன்.