சாவியில்லாம பூட்டின ஊடு

ஏனுங்க சார், சித்த நில்லுங்க. ஒரு விடுகதை போடறேன். கையில சாவி இல்லீங்க, பூட்டு இல்லீங்க, கதவுப் பக்கமே போகலீங்க. கேட்டுல நின்னுக்கிட்டே நாலாவது மாடி ஊட்டைப் பூட்டிப்போடலாம். எப்படிங்க?... யோசிங்க, யோசிங்க. எப்படியும் நின்னு மூச்சு வாங்கோணுமல்ல. இப்பத்தான் ரெண்டாவது மாடிக்கே வந்திருக்கறீங்க.

லிஃப்ட் ரிப்பேருன்னாங்க. அதான் நீங்களும் நம்ம வழியில வாரீங்க. வாங்க, வாங்க! நான் போஸ்ட்டு அம்புஜமுங்க, காலையில போன்ல பேசுனேனே. கீழ போர்டு மாட்டியிருக்குதுங்களே, ‘டெலிவரி ஆட்கள் லிஃப்ட்டைப் பயன்படுத்தக் கூடாது’ன்னு. தெனமும் அதைப் படிச்சுப்போட்டுத்தான் படியில கால் வெக்கறேன். ‘செயலாளர், சசிதர்’னு கையெழுத்து வேற. அது வேற யாரோ சசிதரா இருக்குமுங்க. உங்க மூஞ்சியப் பாத்தா அப்படித் தெரியல.

சொல்றேன், சொல்றேன். உங்க பாப்பா என்ன சொல்லுச்சுன்னுதானே? மேல போய்க் கேட்டுப்போட்டுத்தான் எறங்கி வாரேன். அதைச் சொல்லாம உடுவனுங்களா? அதுக்கு முந்தி இதைக் கேளுங்க.

நான் வேலைக்கு வந்தப்ப பைக்குள்ள என்னங்க இருந்துச்சு? கல்யாணப் பத்திரிகை, பேங்குக் கடுதாசி, அவ்வளவுதான். இப்ப? போன வாரம் பி பிளாக்குக்கு ஒரு டப்பா. தூக்கினேன், தோள்பட்டை எறங்கிப்போச்சு. மூணு மாடி சொமந்துட்டுப் போய்க் குடுத்தா, அந்தத் தம்பி பிரிச்சுப் பாத்துட்டு, ‘எக்சர்சைஸ் பண்ற குண்டுங்க்கா, கை நல்லா ஏறோணும்’ங்குது. ‘கண்ணு, நீயே கீழ வந்து தூக்கியிருந்தா இன்னேரம் பாதி ஏறியிருக்குமே’ன்னேன். சிரிக்குதுங்க. மறுநாளே திருப்பி அனுப்பிருச்சு. ரொம்பக் கனமா இருக்குதாமா!

இன்னொருத்தர்... இருங்க, இதையும் கேட்டுப்போட்டுப் போங்க. ஓடிபி சொல்லுங்கன்னு போன் பண்ணா, ‘மீட்டிங்ல இருக்கறேன், வெளியூரு’ங்கறார். அவர் குரல் போன்லயும் கேக்குது, கதவுக்கு அந்தப் பக்கமும் கேக்குது! ஸ்கூட்டியில கால் வெக்கற எடத்துல நாய்த்தீனி மூட்டை. என்ற காலை எங்க வெக்கறதுன்னு வண்டிக்கே தெரியல. காலையில எட்டு மணிக்கு ஒரு சொம்பு தண்ணி குடிச்சா, அப்புறம் பொழுதோட வரைக்கும் குடிக்கறதுக்குப் பயமுங்க. இத்தனை ஊட்டுக் கதவைத் தட்டறேன், ஒரு ஊட்டுல பாத்ரூமைக் கேக்க முடியுதுங்களா?

என்னங்க, வாட்ச்சைப் பாக்கறீங்க? வந்துட்டேன், விசயத்துக்கு வந்துட்டேன்.

அன்னிக்கு வெள்ளிக்கெழமை. எழுபத்தொரு பார்சல். எழுபதைக் குடுத்துப்போட்டேன். கடைசி ஒண்ணு உங்கூட்டுது, பாப்பா பேருக்கு. காத்தாட்டம் இருந்துச்சுங்க. தூக்கறதுக்குக் கனமே இல்ல, ஏறறதுக்குத்தான் கனம். கேட்டுல நின்னு அண்ணாந்து பாத்தேன். பால்கனியில உங்க பிரத்யுஷா. ரெண்டு கையையும் ஆட்டுச்சு. நானும் ஆட்டுனேன். ஆட்டிப்போட்டு... போனை எடுத்து... ‘வீடு பூட்டியிருந்தது’ங்கற பட்டனை அமுக்கிப்போட்டேன்.

அதானுங்க விடுகதைக்கு விடை.

தப்புத்தானுங்க. பழியை லிஃப்ட்டு மேலயும் போட மாட்டேன், முட்டிவலி மேலயும் போட மாட்டேன். அமுக்குனது என்ற வெரல். திங்கக்கெழமை குடுத்துக்கலாம்னு நெனச்சேன். உள்ள இருக்கறது பட்டாம்பூச்சி றெக்கைன்னும், சனிக்கெழமை ஸ்கூல்ல மாறுவேசப் போட்டின்னும் அட்டை மேல எழுதியிருந்துச்சுங்களா?

மேல உங்கூட்டம்மா சொன்னாங்க. றெக்கை இல்லாமயே மேடை ஏறுச்சாமா. ‘என்ன வேசம்’னு மிஸ்ஸு கேட்டதுக்கு, ‘பட்டாம்பூச்சி. றெக்கை போஸ்ட்டு அக்காகிட்ட இருக்குது’ன்னுச்சாமா. நான் சிரிச்சுப்போட்டேன் சார். அப்புறம் சிரிக்க முடியலீங்க.

ஆனா நீங்க புகாரு என்ன அழகா எழுதியிருக்கறீங்க! காலையில எங்க போஸ்ட்டாபீஸ் இன்ஸ்பெக்டர், ஆபீசே கேக்கற மாதிரி சத்தமாப் படிச்சார். ‘குழந்தை கை காட்டினாள். பதிலுக்கு அவரும் கை காட்டினார்.’ எங்கூட வேலை பாக்கற ரசாக் கேக்கறான், ‘ஏங்க்கா, பூட்டுன ஊட்டுக்கு டாட்டா காட்டிப்போட்டா வந்தீங்க?’ன்னு. அப்பப் புடிச்சு, கண்ணுல படற அத்தனை பேரும் எனக்கு டாட்டா காட்டறாங்க. டீக்கடைக்காரர் வரைக்கும்!

அது போகட்டுமுங்க. அஞ்சு மணிக்குள்ள நீங்க புகாரைத் திருப்பி வாங்கலீன்னா அதை மேலாபீசுக்கு அனுப்பிருவாங்க. இந்த ஏரியாவை எங்கிட்ட இருந்து எடுத்துருவாங்க. பதினோரு வருசமுங்க. யாரு ஊட்டுல மத்தியானம் கொழந்தை தூங்கும், எங்க பெல் அடிக்காம தட்டோணும், எந்த நாய் சும்மா கொரைக்கும், எது சொல்லாமக் கடிக்கும்... எல்லாம் எனக்குத் தெரியும். இந்தப் படியை ஏறறப்பவெல்லாம் திட்டறவதான் நான். வேற ஆளு ஏறறதை நெனச்சா வயிறு எரியுது.

அதுக்குத்தான் உங்களுக்குப் போன் பண்ணேன். நீங்களும் பெருந்தன்மையா, ‘அது அவ பார்சலு, அவளையே கேளுங்க. அவ உடுன்னா உட்டுடறேன்’னீங்க. ஏழு வயசுப் புள்ள கையில என்ற வேலையைக் குடுத்துப்போட்டு நீங்க பாட்டுக்கு ஆபீஸ் போயிட்டீங்க!

போனேன். பார்சலைக் குடுத்தேன். அப்பவே பிரிச்சு மாட்டிக்கிட்டு நின்னுச்சு. மஞ்ச றெக்கை, ஓரத்துல கறுப்பு. நடந்ததை நடந்தபடியே சொன்னேன். அப்புறம் ரெண்டு வெரலை நீட்டுனேன். ‘அம்மணி, ஆள்காட்டி வெரலைத் தொட்டா புகாரு இருக்கட்டும். சுண்டு வெரலைத் தொட்டா போனாப் போகுது, உட்டுரலாம். பாத்துத் தொடு.’ சுண்டு வெரலைக் கொஞ்சம் முன்னாடி தள்ளித்தானுங்க வெச்சிருந்தேன். உங்ககிட்ட மறைப்பானேன்?

உங்கூட்டம்மா உள்ள பால் காய்ச்சிட்டிருந்தாங்க. யாரும் பாக்கல. நான் மாத்திச் சொன்னா உங்களுக்கு என்ன தெரியப்போகுது? ஆனா ஒரு தடவை பொய்யா அமுக்குனதுக்கே இந்தப் பாடு. அதுமில்லாம, வாங்கினதை வாங்கினபடி கொண்டாந்து குடுக்கறதுதானுங்க என்ற வேலை. மணி பாத்தீங்களா? நாலே முக்கால்.

பாப்பா ரெண்டு வெரலையும் பாத்துச்சு. ஆள்காட்டி வெரலைத் தொட்டுச்சுங்க.