மூத்திரப் பைக்கு ஒரு சும்மாடு

மலைப்பாதையில் பலாப்பழ லாரி கவிழ்ந்து குரங்குகள் விருந்து சாப்பிட்டனவே, அதற்கு மறுவாரம். கவிழ்ந்தது இரண்டாம் வளைவிலா, மூன்றாம் வளைவிலா, அதை விடுங்கள். ஜமுனாமரத்தூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு இளம்பெண்ணும் அவள் புருஷனின் அக்காளும் உட்கார்ந்திருந்தார்கள்.

“மூத்திரப் பைக்கு சும்மாடு வெச்சிருக்காங்க அண்ணி.”

“இன்னாடி சொல்ற?”

“பிரசவத்துல பை கீழ எறங்கிடுச்சில்ல? அத தாங்கறதுக்கு உள்ள ஒரு ரப்பர் வளையம். கொடத்துக்கு அடியில தலைமேல வெப்பமே, அந்த மாதிரி.”

“ஆபரேசன் பண்ணிக்கலாமே?”

“எனக்கு இன்னொரு கொழந்த வேணும். இப்ப பண்ணா, அடுத்த பிரசவத்துல திரும்ப எறங்கலாமாம். பெத்து முடிச்சிட்டுப் பாக்கலாம்னு டாக்டரம்மா சொன்னாங்க. அதுவரைக்கும் வளையம். கூடவே, கீழ்ச்சதைய இறுக்கி இறுக்கி விடற பயிற்சி.”

“அத எங்கடி செய்வ?”

“இப்பகூட செஞ்சிட்டுதான் வர்றேன்.”

அண்ணி சுற்றுமுற்றும் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“அப்புறம், கனம் தூக்கக் கூடாதாம். புளி மூட்டைய இனிமே உங்க தம்பிதான் தூக்கணும். நான் சொன்னா மொறைப்பாரு. உங்களுக்குத்தான் பயப்படுவாரு, நீங்களே சொல்லிடுங்க அண்ணி.”