இரு பொருளையும் சொன்ன சிவகௌரி அம்மையாருக்கு

தமிழில் தழுதழுத்த குரலைத் தடுமாறாமல் சிங்களத்தில் ஏற்றியவரே, சிங்களத்தில் வந்த தீர்ப்பைத் தணிக்காமல் தமிழில் தந்தவரே, எவர் பக்கமும் சாயாத நாவினரே, எங்கள் நீதிமன்றத்திலிருந்து இன்று ஓய்வுபெறும் மொழிபெயர்ப்பாளர் திருமதி சிவகௌரி துரைராசா அவர்களே, வணக்கம்.

யாழ்ப்பாணத்திலிருந்து இளவயதில் இந்த மலைக் குளிருக்கு வந்து, இங்கேயே தலைநரைத்தீர்கள். உங்கள் சிறப்புகளை அடுக்கப் பொழுது போதாது. ஆகவே, ஒரு வழக்கை மட்டும் சொல்லுகிறோம். அது மகிழ்ச்சியான கதையன்று; ஆயினும் உங்களைச் சரியாகச் சொல்ல அதைவிட வேறொன்று எங்களிடம் இல்லை.

வட்டகொடைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் இரு பிரிவுகளுக்கிடையே கரப்பந்தாட்டப் போட்டி நடந்தது. மேல் டிவிசன் அணி தோற்றது. வென்ற கீழ் டிவிசனில் ஆடிய ஜெனுஷன் என்ற இளைஞர், நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார்: “மேல் டிவிசன் ஆர்ஐபி. செம தீ. தரமான சம்பவம்.” அன்று மாலையே மேல் டிவிசனில் தொழிலாளர் குடியிருக்கும் லயமொன்று எரிந்தது. நோயுற்றுப் படுக்கையில் கிடந்த ராசம்மா என்பவர் வெளியேற முடியாமல் உள்ளேயே கருகிப்போனார்.

அவருடைய மகன் ஆண்டியப்பன், கைமாறி வந்த அந்தக் குறுஞ்செய்தியைப் பொலிஸாரிடம் காட்டினார். சிங்களத்தில் அது இவ்வாறு ஆயிற்று: மேல் டிவிசனின் ஆன்மா சாந்தியடையட்டும், பெருந்தீ, தரமாக நடந்த சம்பவம். ஜெனுஷன் கைதானார். மொழிபெயர்ப்பு சரியென ஒப்பமிடுமாறு தாள் உங்கள் மேசைக்கு வந்தது. சொல்லுக்குச் சொல் அது சரியாகத்தான் இருந்தது. நீங்கள் ஒப்பமிடவில்லை. இளைஞர் இச்சொற்களை எப்படி வழங்குகிறார்கள் என்று விசாரித்து வர நீதவானிடம் அனுமதி கேட்டீர்கள்.

பல இடங்களில் விசாரித்தீர்கள். நகரத்தில் கைத்தொலைபேசி திருத்தும் கடையொன்றில் வேலை செய்யும் ஜொய்சியிடமும், வழக்கைப் பற்றி எதுவும் சொல்லாமல் கேட்டீர்கள்.

“பிள்ளை, ‘செம தீ’ எண்டு எழுதினால் என்ன கருத்து?”

“யாராச்சும் நல்லா வெளயாண்டா போடுறதுங்க மிஸ். பெருசா ஏதாச்சும் செஞ்சு அசத்திட்டா ‘சம்பவம்’னுவோம்.”

“ஆர்ஐபி?”

“தோத்தவங்கள கிண்டல் பண்ணப் போடுவோம்.” ஜொய்சி கையிலிருந்த தொலைபேசியைக் கீழே வைத்தார். “யாராச்சும் செத்துட்டாலும் அதத்தாங்க மிஸ் போடுறோம்.”

அந்தக் கடைசி வாக்கியத்தை நீங்கள் விட்டிருந்தால் எவருக்கும் தெரிந்திராது. திறந்த மன்றில் இரு பொருளையும் சொன்னீர்கள். எழுதியவர் மனத்தில் எது இருந்தது என்று உங்களால் கூற முடியாது என்பதையும் சொன்னீர்கள். அன்று பிணை மறுக்கப்பட்டது.

கொழுந்து பறிக்கும் வேலையை விட்டுவிட்டு வந்திருந்த ஜெனுஷனின் தாய் தெரேசா, உங்களைத் தாழ்வாரத்தில் மறித்தார்.

“அந்தக் கடைசி ஒண்ண மட்டும் சொல்லாம விட்டிருக்கலாமேங்க.”

“விட்டிருந்தால் மற்றதையும் ஒருத்தரும் நம்பியிருக்க மாட்டினம், அம்மா” என்றீர்கள். அன்று நீங்கள் சாப்பாட்டுப் பொதியைத் திறக்கவேயில்லை.

மழைக்காலம் முழுவதும் அந்த இளைஞர் விளக்கமறியல் சிறையில் கிடந்தார். தீ, லயத்தின் பழைய மின்கம்பியிலிருந்து பற்றியது என்று பிறகு அறிக்கை வந்தது. அந்தச் செய்தி விளையாட்டுக் கேலியாகவே இருக்கக்கூடும் என்பதற்கு உங்கள் விளக்கத்தையும் எடுத்துக்காட்டி, நீதவான் ஜெனுஷனை விடுவித்தார்.

அப்போது ஆண்டியப்பன் எழுந்து நின்றார். “அப்ப எங்கம்மாவ கொன்னது யாருங்க?”

ஒரு சொல்லையும் தாழ்த்தாமல் அதைச் சிங்களத்தில் சொன்னீர்கள். பதில் வந்தால் தமிழில் சொல்வதற்காக, நீங்கள் அவரருகிலேயே நின்றுகொண்டிருந்தீர்கள். அடுத்த வழக்கை அழைத்தார்கள்.

இன்று இந்த மண்டபத்தில் தெரேசா அம்மாவும் அமர்ந்திருக்கிறார். மகனைப் பற்றி விசாரித்தோம். “கொழும்புல கடையில நிக்கிறான். போன்ல ஒரு எழுத்து எழுதுறதில்லீங்க. ‘சாப்டியா’ன்னு கேட்டு அனுப்புனாக்கூட, கூப்புட்டு ‘ஆமா’ன்னு சொல்லிட்டு வச்சிர்றான்” என்றார். உங்களை வணங்கிவிட்டுப் போகவே வந்ததாகவும் சொன்னார்.

அம்மையீர், இத்தனை காலமும் பிறருடைய அழுகையையும் ஆத்திரத்தையும் பொய்யையும் மன்றாட்டையும் உங்கள் குரலில் சுமந்தீர்கள். இனி முழங்கால் வலி தணிந்து, நல்ல உறக்கம் கண்டு, கணவரோடும் பிள்ளைகளோடும் நெடுநாள் நலமாக வாழ்வீர்களாக. உங்கள் வாயில் வரும் சொல் உங்களுடையதாக மட்டுமே இருக்கும் நாட்கள் உங்களுக்கு நிறைய வாய்க்கட்டும்.

இங்ஙனம்,
உங்களோடு ஒரே மன்றில் பணியாற்றிய
பதிவாளர், எழுதுவினைஞர்கள், ஊழியர்கள்