நாலாம் தடத்தில் நெட்டானி

– பொய் சொல்லாதீங்க தம்பி, அவனுக்கு மீசை இருக்கே! நாலாம் தடத்துல கையை உதறிக்கிட்டு நிக்கிற அந்தத் தென்னைமரந்தானே உங்க பையன்?

– அவனேதான். நெட்டானி. பதினாறு வயசு. எங்க வம்சமே அப்படித்தான் உனைசி அக்கா. எங்கப்பாவுக்குப் பன்னண்டுலயே மீசை.

– உங்கப்பாவுக்கு மட்டுமா? உங்க ஊர்ப் பொம்பளைங்களுக்கும் உண்டுன்னு கேள்விப்பட்டேன். முறைக்காதீங்க சக்கியூசா! உங்க தீவும் எங்க தீவும் தவூ. ஒரே மூதாதைக்குப் பொறந்த ரெண்டு ஊரு. தவூ திட்டினா சிரிக்கணும், தவூ கேட்டா கொடுக்கணும். மறந்துட்டீங்களா?

– அதெல்லாம் மறப்பேனா? இதோ சிரிக்கிறேன் பாருங்க.

– உங்க வீட்டுக்காரி சிரிக்கலையே. என்னம்மா வாசிட்டி, காலையிலேருந்து பக்கத்துல உட்கார்ந்திருக்கேன், ஒரு வார்த்தை வரல. வாய்க்குள்ள மரவள்ளிக்கிழங்கா?

– ஒண்ணுமில்லக்கா. ரெண்டு நாள் கப்பல்ல வந்தது. இன்னும் தலை சுத்துது.

– அவளுக்குக் கூச்சம். பாருங்கக்கா, பாருங்க, அந்த வெள்ளைத் தொப்பிக்காரர் நோட்டுல என்னமோ எழுதுறார். ஆக்லாந்துப் பள்ளிக்கூடத்து ஆளு. காலையில முதல் சுற்றுல என் பையன் ஓடினதைப் பார்த்துட்டு நேரா என்கிட்ட வந்தாரு. "நீங்கதான் நெட்டானியோட அப்பாவா?"ன்னு கையைக் குலுக்கினாரு. இந்தக் கையை! கொப்பரை வெட்டுற கையை!

– இந்தப் பதினாறு வயசுப் பசங்க ஓட்டத்துல ஜெயிக்கிறவன் ஒருத்தனைத்தான் அங்க படிக்கக் கூட்டிக்கிட்டுப் போவாராமே?

– ஒருத்தன்தான். அது யாருன்னு நான் வேற சொல்லணுமா?

– ரொம்பக் குதிக்காதீங்க. அஞ்சாம் தடத்துல பச்சை ரிப்பன் கட்டிக்கிட்டு நிக்குதே ஒரு கொசு, அது என் இனோக்கே. போன மாசந்தான் பதினாறு ஆச்சு. அவனைப் படிக்க வைக்க இந்த ஓட்டத்தை விட்டா எனக்கு வேற வழியில்ல.

– ஐயோ பாவம்! கொசுவை அடிக்க எங்க நெட்டானிக்குக் கைகூட வேண்டாமேக்கா.

– அடியாத்தி, வாயைப் பாரு! சரி, இவன் ஒருத்தன்தானா உங்களுக்கு?

– ஒருத்தன்தான்.

– ரெண்டு பெத்தேன்க்கா.

– ரெண்டுதான் பெத்தோம். இருக்கிறது ஒருத்தன்னு சொல்ல வந்தேன். மூத்தவன் மனோவா ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி காய்ச்சல்ல போயிட்டான்.

– ஐயோ... அது தெரியாம நான் பாட்டுக்கு மரவள்ளிக்கிழங்குன்னு பேசிட்டேனே. மன்னிச்சுக்கம்மா வாசிட்டி. பெத்த வயிறு எப்படித் தாங்கும்! இரு, ஓட்டம் தொடங்குறதுக்குள்ள ரொட்டிப் பொட்டலமும் அன்னாசிச் சாறும் வாங்கியாறேன். நீ ஒண்ணுமே சாப்பிடல. இந்தக் குடையைப் பிடி.

– அவ போயிட்டா. இப்ப அழு, அவ வர்றதுக்குள்ள முடிச்சுக்க.

– உசுரோட நிக்கிறான். கண்ணு முன்னாடி நிக்கிறான். அவனைப் போயிட்டான்னு சொல்ல எப்படிங்க நாக்கு வருது?

– மெதுவாப் பேசு. பின்னால ஆளு இருக்கு.

– போனது சின்னவன். என் மடியில போனவன் நெட்டானி.

– தெரியும்டி. குழி வெட்டினவன் நான். நர்ஸ் ஊர்ல இல்ல, மூணு வாரம் கப்பல் இல்ல, யாரும் போய் சாவை எழுதி வைக்கல. அரசாங்கப் புத்தகத்துல நெட்டானி இன்னும் உசுரோட இருக்கான். அது ஆண்டவன் காட்டின வழி. பள்ளிக்கூடத்தை விட்டுட்டுக் காட்டுல கிழங்கு தோண்டிக்கிட்டு இருந்த மூத்தவன், தம்பி பிறப்புச் சீட்டால ரிப்பன் கட்டி நிக்கிறான். இல்லன்னா பத்தொன்பது வயசுக் கழுதையை யாருடி சேர்ப்பா?

– சேர்க்கும்போதே வேண்டாம்னேன். ஒரு வருஷம்னீங்க. சரின்னேன். பள்ளிக்கூடத்துல அவனை நெட்டானின்னு கூப்பிடச் சொன்னீங்க. கூப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் சின்னவன்தான் திரும்பிப் பார்க்கிற மாதிரி இருக்கும். இன்னைக்கு ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்.

– கேளு.

– சாயங்காலம் கப்பல்ல ஏத்தப்போற கல்லறைக் கல்லு. ரெண்டு வருஷமா வெறும் மணல் மேடா கிடக்கிறவனுக்கு நான் பாய் முடைஞ்சு வித்துச் செஞ்ச கல்லு. நேத்து கல் பட்டறையில அதைப் பார்க்க விடாம சாக்கைச் சுத்தி வெச்சிருந்தீங்க. அதுல என்ன பேரு?

– ஓட்டம் முடியட்டும்.

– என்ன பேருங்க?

– மனோவா. இப்படிப் பார்க்காத. அந்த வெள்ளைத் தொப்பிக்காரர் அடுத்த மாசம் நம்ம ஊருக்கு வர்றாரு. வீட்டைப் பார்க்கணுமாம், குடும்பத்தோட படம் எடுக்கணுமாம். வந்த இடத்துல கல்லுல நெட்டானின்னு இருந்தா என்னடி சொல்றது? ரெண்டு நெட்டானி பெத்தோம்னு சொல்றதா?

– என் பிள்ளை படுத்திருக்கிற இடத்துல உசுரோட இருக்கிறவன் பேரா?

– செத்தவன் எழுந்து வந்து படிச்சுப் பார்க்கப் போறானா?

– நான் படிப்பேனே.

– படிக்காத. கண்ணை மூடிக்கிட்டுப் பூ வை.

– மனோவாவுக்குத் தெரியுமா?

– அவன்தான் பட்டறைக்காரன்கிட்ட எழுதிக் கொடுத்தான். கொஞ்சம் அழுதான், அப்புறம் எழுதிட்டான். ஆக்லாந்து போய் அம்மாவுக்குத் தகர வீட்டை இடிச்சுட்டு சிமெண்டு வீடு கட்டித் தர்றேன்னான். உன்னை மாதிரியா, அவனுக்குப் புத்தி இருக்கு.

– கல்லை இங்கேயே போட்டுட்டுப் போவோம். வேற கல்லுக்கு மறுபடியும் பாய் முடையுறேன். மணல் மேடாவே கிடக்கட்டும், அவன் பேரை மட்டும் எடுக்காதீங்க. நீங்க என்ன சொல்லச் சொல்றீங்களோ சொல்றேன். தொண்டை கிழிய நெட்டானின்னு கத்துறேன்.

– கல்லு கப்பல்ல ஏறியாச்சு, நேத்தே. மூச்! அக்கா வர்றா.

– இந்தா வாசிட்டி, சூடா இருக்கு, பிடி. அடடா, ஓட்டம் விடுறவர் துப்பாக்கியைத் தூக்கிட்டாரே! தள்ளிக்குங்க, தள்ளிக்குங்க!

– சுட்டாச்சு! ஓடு நெட்டானி! பாருங்கக்கா, பாருங்க அந்த முதல் வளைவை!

– இனோக்கே! கொசு! பறடா என் கண்ணு!

– வாசிட்டி, எந்திரிச்சுக் கத்துடி. அம்மா குந்திக்கிட்டு இருந்தா ஜனம் என்ன நினைக்கும்?

– தோளை இறக்குடா... தோளை இறக்கு... அப்படித்தான்...

– வாய்க்குள்ள முணுமுணுத்தா அவனுக்குக் கேக்குமா? பேரைச் சொல்லிக் கத்து!

– என் இனோக்கே முந்துறான்! முந்திட்டான்! கடைசி வளைவு! சக்கியூசா தம்பி, உங்க தென்னைமரம் சாயுது!

– சாயல! பாருங்க, இப்பப் பாருங்க! நூறு மீட்டர் இருக்கு! எழுந்துட்டான்!

– ஐயோ எம்புள்ள எப்படி ஓடுறான்! கால் தரையிலயே படலையே! ஓடுடா! என் தங்கமே, ஓடுடா மனோவா! மனோவா!

– ஏய்!

– மனோவா! மனோவா!

– வாயை மூடுடி! ...ஜெயிச்சுட்டான்! ஜெயிச்சுட்டான்! என் பையன்! என் ரத்தம்! பாருங்கக்கா, கூட்டம் மொத்தமும் நெட்டானி நெட்டானின்னு கத்துது! எங்க தீவுப் பையன் பேரை இந்த மைதானத்துல இப்படி யாராவது சொல்லியிருக்காங்களா?

– உள்ளங்கை அகலம். உள்ளங்கை அகலத்துல போச்சு. என் பிள்ளை புல்லுல விழுந்து கிடக்கான்.

– கொசுதானே அக்கா, எழுந்துரும். தவூங்கிறதால சொல்றேன், கோவிச்சுக்காதீங்க.

– கோவம் இல்ல. சிரிக்கத்தான் முடியல. வாசிட்டி, நீ செத்த பிள்ளை பேரைச் சொல்லிக் கத்தினே.

– அது... சந்தோஷத்துல குழம்பிட்டா அக்கா. பெத்தவ இல்லையா, மூத்தவன்தான் முதல்ல வாயில வருவான்.

– நீங்க சும்மா இருங்க தம்பி. உங்க பையன் என் இனோக்கே பக்கத்துல நின்னப்பப் பார்த்தேன். அது பதினாறு வயசுத் தொடை இல்ல. நானும் மூணு பையனை வளர்த்தவ.

– மறுபடியும் மீசைக் கதையா?

– இப்ப நான் கேலி பேசல. அதிகாரிங்ககிட்ட போகமாட்டேன், சண்டை பிடிக்கமாட்டேன். தவூவா ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், நீங்க மறுக்கக் கூடாது. உன் வாயால சொல்லு வாசிட்டி. போன பிள்ளை மேல சத்தியம் பண்ணி, நெட்டானிக்குப் பதினாறுதான்னு சொல்லு. நான் என் பையனைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போயிடுறேன்.

– இவ்வளவுதானே? பண்ணுடி சத்தியம். மனோவா மேல பண்ணு. என்ன யோசனை? பாரு, மாலை போட்டுட்டாங்க, உன்னைப் பார்த்துத்தான் கை காட்டுறான். வெள்ளைத் தொப்பிக்காரர் அவன் தோள்ல கை போட்டுக்கிட்டு வர்றாரு. சொல்லிட்டுச் சிரிச்ச முகத்தோட எந்திரி.

– எவ்வளவு அழகா இருக்கான், இல்லீங்க? அந்த மாலையில.

– ராஜா மாதிரி இருக்கான். சொல்லு.

– சொல்றேன். போன பிள்ளை மேல சத்தியமாச் சொல்றேன் அக்கா. நெட்டானிக்குப் பதினாறு இல்ல.

– வாசிட்டி!

– பதினாலு. ரெண்டு வருஷமா அவனுக்குப் பதினாலுதான்.