டவுன் ஹோல் கயிறு

கொட்டாஞ்சேனையில் ஏறிய இரண்டு பெண்கள் பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்தார்கள். புதிய நகர மண்டபமான டவுன் ஹோலின் வெள்ளைக் குவிமாடம் தெரிந்ததும் மூத்தவள் நிமிர்ந்தாள்.

"அது எங்கட மனுசன் கட்டினது."

"அத்தான் துறைமுகத்தில கப்பலுக்குக் கயிறு கட்டுறவர் எல்லே, அக்கா?"

"ஓம். அதாலதான் கூப்பிட்டவை. அவ்வளவு உயரத்தில மேசன்மார் ஏறி நிண்ட சாரக்கட்டு முழுக்க அவர் போட்ட முடிச்சு."

"அதைத்தான் கழற்றிப்போட்டினமே. இப்ப பார்க்க என்ன இருக்கு?"

"கழற்றினதும் அவர்தான். கத்தியோட வந்தவங்களைக் கிட்ட விடேல்லை. துறைமுகத்தில ஆரும் நல்ல கயிற்றை அறுக்கமாட்டினமாம். ஒவ்வொரு முடிச்சாக் கையால அவிழ்த்தவர். கட்டிட வேலையை நடத்தின வெள்ளைக்காரத் துரை பார்த்துச் சிரிச்சிட்டு, ஒரு சுருளை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னவர்."

"எங்க அது?"

"எங்கட முற்றத்தில உடுப்புக் காயப்போடுற கயிறு என்னெண்டு நினைச்சாய்?"

இளையவள் வாயில் கை வைத்தாள். "மாதாவே! நேற்று என்ர சீலையும் அதிலதானே காய்ஞ்சது!"

பஸ் திரும்பியது. குவிமாடம் மறையும்வரை அவள் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிக்கெட் கொடுக்க வந்த கொண்டக்டரிடம் சொன்னாள்:

"அது நாங்கள் கட்டினது."