காருக்கு அடியில் விரித்த வேட்டி

அறுபதுகளில் ஒருநாள், அவலூர்பேட்டையிலிருந்து செஞ்சிக்கு வரும் பஸ். எனக்கு முன்சீட்டில் இருவர். ஜன்னலோர மீசைக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்:

"காருக்கு அடியில வெள்ள வேட்டிய விரிச்சேன் மச்சான்."

"காருக்கு இன்னாத்துக்கு வேட்டி?"

"மாடு வாங்கறப்ப ஒரு ராத்திரி நம்ம வூட்டுல கட்டிப் பாக்கறமில்ல? அதேமாரி இந்தப் பழைய காரையும் வாசல்ல வுட்டுட்டுப் போன்னு புரோக்கர்கிட்ட சொன்னேன். எஞ்சின் கெட்டிருந்தா ஆயில் ஒழுவும், வேட்டி காட்டிக் குடுத்துடும்."

"குடுத்துச்சா?"

"காலைல பாத்தா ஒரு சொட்டு கறை இல்ல. நல்ல எஞ்சின்னு குதிச்சேன். உன் தங்கச்சிதான் கேட்டா, 'ராத்திரியெல்லாம் சாணியே போடாத மாட்ட நல்ல மாடுன்னு வாங்கிடுவீங்களா?'ன்னு."

மச்சான் சிரித்தார். "அப்புறம்?"

"பேனட்ட தூக்கி, ஆயில் பாக்கற கம்பிய உருவினேன். நுனியில ஈரங்கூட இல்ல. வாசல்ல வுட்டுட்டுப் போறப்பவே புரோக்கர் வடிச்சி எடுத்துட்டான் போல. இருந்தாத்தானே ஒழுவும்!"

ஜன்னலில் கோட்டை மலை தெரிந்தது.

"கார திருப்பி அனுப்பிட்டியா?"

"ஆயில் இல்லாம ஓட்டுனா எஞ்சின் பிடிச்சிக்கும். அவன் காருக்கு நான் ஆயில் ஊத்துவனா? நாளைக்கி நம்ம மாட்டப் பூட்டி இழுத்துனு போயி, அவன் வூட்டு வாசல்லயே கட்டிட்டு வரணும்."